கிண்ணத்தை ஊதிப் பாருங்கள்: வீட்டுக் கிளிக்குச் சாப்பாடு வைக்கும் முறை

நான் முதன்முதலாக வாங்கியது ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ். நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று. வாங்கிய மூன்றாவது வாரம் மன்னார்குடியில் ஒரு வளைகாப்பு. இரண்டு ராத்திரி தங்க வேண்டியதாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையனிடம் தினைப் பொட்டலத்தைக் கொடுத்து, "கிண்ணம் காலியானா போடுப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கும்பகோணம் திரும்பியபோது கிண்ணம் விளிம்புவரை நிறைந்திருந்தது. நீலம் மட்டும் கூண்டின் தரையில் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. சாயங்காலத்துக்குள் போய்விட்டது. அப்புறம்தான் கிண்ணத்தை எடுத்து ஊதிப் பார்த்தேன். அத்தனையும் உமி. அடியில் ஒரு மணி தினைகூட இல்லை. பையன் மேல் தப்பே கிடையாது. நான் சொன்னதைத்தான் செய்தான்; கிண்ணம்தான் காலியாகவே இல்லையே.

கிளி இனம் தானியத்தை அப்படியே விழுங்காது. நாம் நெல்லைக் குத்தி அரிசி எடுப்பதுபோல் அலகாலேயே தோலை உரித்து, பருப்பை மட்டும் தின்றுவிட்டு, உமியை அதே கிண்ணத்தில் தள்ளும். மேலிருந்து பார்த்தால் நிறைகிண்ணம். கைப்பிடிக்குள் அடங்கும் பறவைக்கு உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு முழு நாள் பட்டினியே ஆபத்து, இரண்டு நாள் தாங்குவது கஷ்டம். அதனால் புதிதாகக் கிளி வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை, காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை கிண்ணத்தை வெளியே எடுத்து ஊதிப் பார்ப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்களிடம் இருப்பது எந்தக் கிளி?

நம் பக்கத்தில் கிளி என்றாலே பச்சைக்கிளிதான். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் சாயங்கால நேரத்தில் நின்றால் கத்திக்கொண்டு பறப்பதைப் பார்க்கலாம். தலை போன தென்னையின் பொந்தில் குஞ்சு பொரிக்கும். கதிர் முற்றும் நேரத்தில் வயலில் இறங்கும். அந்தக் கிளியை வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது, விற்பது, கூண்டில் வைப்பது எல்லாமே குற்றம். சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒரு நெல்மணியைக் கூலியாக வாங்கிக்கொண்டு உள்ளே போகும் ஜோசியக் கிளியைச் சின்ன வயதில் ரசித்திருக்கிறேன். அதுவும் இந்தச் சட்டத்துக்குள்தான் வரும். புயல் மழையில் குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

சட்டப்படி வளர்க்கக்கூடியவை வெளிநாட்டு இனங்கள். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர் கிளி. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, கொஞ்சம் குண்டாக, வால் குட்டையாக இருக்கும். அப்புறம் கொண்டை வைத்த காக்கட்டீல். கடையில் "காக்டெய்ல்" என்றுதான் கேட்பார்கள், அதற்கும் கொடுப்பார்கள். சன் கன்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்றவை சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. அவற்றை வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இந்தக் கட்டுரை பட்ஜெரிகர், காக்கட்டீல் வைத்திருக்கும் ஆரம்பக்காரர்களுக்கு. கன்யூருக்கும் பெரும்பாலும் இதே முறைதான். பழம், காய் பங்கு மட்டும் கூடும். தேன் உண்ணும் லோரி இனத்துக்கு இது பொருந்தாது.

அளவு

ஒரு பட்ஜெரிகரின் எடை சுமார் 30 முதல் 40 கிராம். நாள் முழுதுக்கும் இரண்டு டீஸ்பூன் தானியம் போதும். 80 முதல் 100 கிராம் இருக்கும் காக்கட்டீலுக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன். இது தொடக்கக் கணக்கு. பறவைக்குப் பறவை கொஞ்சம் மாறும்.

கிண்ணத்தை ரொப்பி வைத்துவிட்டுப் போவதுதான் எல்லோருக்கும் வரும் பழக்கம். அதில் இரண்டு கெடுதல். உமியைத் தானியம் என்று நினைத்து ஏமாறுவது ஒன்று. இன்னொன்று, பறவை தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்னும். சூரியகாந்தி விதை கலந்த தீவனம் போட்டுப் பாருங்கள்: முதலில் சூரியகாந்தி தீரும், மற்றது அப்படியே கிடக்கும். சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. காட்டில் தினமும் வெகுதூரம் பறக்கும் பறவைக்கு அது சரி, இரண்டடிக் கூண்டில் இருப்பதற்கு அது தினம் மூன்று வேளை போண்டா.

எடை பார்ப்பதையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். சமையலறையில் வைக்கும் டிஜிட்டல் தராசு, ஒரு கிராம்வரை காட்டுவது, போதும். அதன்மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, பறவையை உள்ளே விட்டுப் பாருங்கள். வாரம் ஒரு நாள், காலையில் சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். 35 கிராம் பறவை மூன்றரை கிராம் இழந்தால், 60 கிலோ மனிதர் ஆறு கிலோ இளைத்த மாதிரி. இறகு மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத்தான் தெரியும்.

வெளியூர் போகும்போது நான் இப்போது செய்வது: ஒரு நாளுக்கு ஒரு பொட்டலம் என்று கட்டி, தேதி எழுதி வைத்துவிடுவேன். "இருப்பதைக் கொட்டிட்டு இதைப் போடு" என்பதுதான் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம்.

தினை மட்டும் ஏன் போதாது

"எங்க வீட்ல பத்து வருஷமா தினை மட்டும்தான், நல்லாத்தான் இருக்கு" என்று யாராவது சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் தினை, சாமை, கம்பு எதிலும் வைட்டமின் ஏ போதிய அளவு கிடையாது. சுண்ணாம்புச் சத்தும் குறைவு. வைட்டமின் ஏ இல்லாவிட்டால் மூக்கு ஒழுகும், வாய்க்குள் வெள்ளைத் திட்டு வரும், நோய் சட்டென்று ஒட்டும். சுண்ணாம்பு குறைந்தால் பெட்டைக்கு முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். அயோடின் குறைந்து பட்ஜெரிகருக்குத் தொண்டைக் கழலை வீங்குவதும் தானியம் மட்டுமே தின்னும் பறவைகளில் தெரிந்த சங்கதி. கொழுப்பு சேர்ந்து ஈரல் கெட்டால் அலகு தாறுமாறாக வளரும். பார்க்கிறவர்கள் அலகை வெட்டிவிடச் சொல்வார்கள், கோளாறு உள்ளே இருக்கும்.

இதற்காகத்தான் பெல்லட் என்ற ஆயத்தத் தீவனம் வருகிறது. சத்தெல்லாம் கலந்து உருட்டியது, பொறுக்கித் தின்ன வழியில்லை. நல்லதுதான், விலையும் அதிகம். முடிந்தவர்கள் பாதிச் சாப்பாட்டை பெல்லட்டாக வைத்து மீதியில் கீரை, காய், கொஞ்சம் தானியம் என்று பிரிக்கலாம். மூட்டையைப் பிரித்துக் கிலோ கணக்கில் அளந்து விற்கும் பெல்லட்டை மட்டும் வாங்காதீர்கள். எப்போது பிரித்தது என்று யாருக்குத் தெரியும்? முடியாதவர்கள் தினை, பனிவரகு, சாமை, குதிரைவாலி, உடைத்த கம்பு ஆகியவற்றைக் கலந்து அடிப்படையாக வைத்து, கீரையிலும் முளைப் பயறிலும் கை தாராளமாக இருந்தால் சமாளிக்கலாம்.

தண்ணீரில் சொட்டு சொட்டாக விடும் வைட்டமின் மருந்தை நான் நம்புவதில்லை. நம் வெயிலில் அந்தத் தண்ணீர் சீக்கிரம் கெடும். எவ்வளவு உள்ளே போனது என்ற கணக்கும் இல்லை. வைட்டமின் ஏ கூடினாலும் கெடுதல்தான். டாக்டர் சொன்னால் மட்டும்.

கீரைக்காரம்மாவிடம் என்ன வாங்குவது

டெல்டாவில் கிளி வளர்ப்பவருக்கு இதில் அதிர்ஷ்டம்தான். கொல்லையில் ஒரு முருங்கை இருந்தால் பாதிக் கவலை விட்டது. முருங்கைக்கீரையில் வைட்டமின் ஏ-யாக மாறும் சத்தும் சுண்ணாம்பும் இரண்டுமே உண்டு. கொத்தாக ஒடித்து, அலசி, ஈரத்தோடு கூண்டுக்குள் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். ஈரக் கொத்தைப் பார்த்தால் பட்ஜெரிகர் முதலில் அதில் புரண்டு குளிக்கும், அப்புறம்தான் தின்னும். கொத்தமல்லி, வெந்தயக்கீரை, அரைக்கீரை, அகத்திக்கீரையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பாலக்கில் ஆக்ஸாலிக் அமிலம் அதிகம், அது சுண்ணாம்பை உடம்பில் சேரவிடாது. எப்போதாவது என்றால் சரி.

காயில் முதலிடம் கேரட்டுக்கும் பரங்கிக்காய்க்கும். பொங்கலுக்கு வாங்கிய பரங்கியில் ஒரு கீற்றைத் துருவி வையுங்கள், விதையைக் கழுவிக் காயவைத்தும் கொடுக்கலாம். சர்க்கரைவள்ளியை உப்பில்லாமல் வேகவைத்து மசிக்கவும். பீர்க்கங்காய், பிஞ்சு அவரை, குடைமிளகாய் எல்லாம் ஆகும். பச்சை மிளகாய், பழுத்த சிவப்பு மிளகாய்கூடத் தாராளமாகத் தின்னும். நம் நாக்கை எரிக்கும் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. பீட்ரூட் கொடுத்த அன்று எச்சம் சிவப்பாக வரும், பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள்.

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்தும் பயறும் நிற்கும் நேரம்தான் எனக்குப் பிடித்த பருவம். மருந்து அடிக்காத வயல் தெரிந்தவர்களுடையது என்றால், பிஞ்சுப் பச்சைப்பயற்றங்காயைக் கொடியோடு கொண்டுவந்து கட்டுங்கள். அரை நாள் அதைப் பிரித்துக்கொண்டே இருக்கும். தீனியும் ஆச்சு, பொழுதும் போச்சு. மற்ற நாளில் முளைகட்டிய பச்சைப்பயறு: எட்டு மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, துணியில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் மறுபடி அலசிக் கொடுக்க வேண்டும். கொழகொழப்போ புளித்த வாடையோ இருந்தால் அப்படியே மாட்டுக் கழுநீர்த் தொட்டிக்குப் போகட்டும். ராஜ்மா, மொச்சை போன்ற பெரிய கொட்டைகளைப் பச்சையாகவோ முளைகட்டியோ தரக் கூடாது; முழுக்க வெந்திருக்க வேண்டும். மரவள்ளியும் பச்சையாக ஆகாது.

பழம் இனிப்புப் பண்டம் மாதிரி. கொய்யா, பப்பாளி, மாதுளை, விரல்நுனி அளவு வாழைப்பழம், வாரம் இரண்டு மூன்று நாள். ஆப்பிள் என்றால் விதையை எடுத்துவிடுங்கள், அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தேங்காய்ச் சில்லில் கொழுப்பு அதிகம், கீற்று போதும்.

சுண்ணாம்புக்குக் கடையில் போய்க் கணவாய் ஓடு என்று கேட்டால் சிலருக்குப் புரியாது. நாட்டு மருந்துக் கடையில் "கடல்நுரை" என்று கேளுங்கள், அதேதான். கூண்டுக் கம்பியில் மிருதுவான பக்கம் உள்நோக்கி இருக்கும்படி கட்டிவிடுங்கள். நாகப்பட்டினம் கடற்கரையில் பொறுக்கியது என்றால் இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்கவைத்து, காயவைத்துப் பிறகு கட்டவும். மணல், சின்னக் கல் எல்லாம் புறாவுக்கும் கோழிக்கும். தோலுரித்துத் தின்னும் கிளிக்கு அவசியமில்லை.

பழைய பழக்கத்தை மாற்றுவது

இதுதான் பலரும் தோற்கும் இடம். தினை மட்டும் தின்று வளர்ந்த பறவைக்கு முருங்கைக்கீரை சாப்பாடே இல்லை, ஏதோ ஒரு பச்சைப் பூச்சாண்டி. "பசித்தால் தின்னும்" என்று தினையை நிறுத்திவிடாதீர்கள். சில பறவைகள் புதியதைத் தொடாமலே செத்துப்போகும்.

முதல் வாரம் எதையும் குறைக்காமல் கீரையைப் பார்க்க மட்டும் பழக்குங்கள். தினமும் அதே இடத்தில், அது உட்காரும் குச்சிக்குப் பக்கத்தில். அதன் கண்முன்னால் நீங்களும் ஒரு இலையைக் கிள்ளி மெல்லுங்கள். கூட்டமாக வாழும் பறவை, அடுத்தவர் தின்பதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். எங்கள் மஞ்சளுக்கு நான்தான் முருங்கை தின்று காட்டினேன். வீட்டில் சிரித்தார்கள்.

இரண்டாம் வாரம் தினையைக் கொஞ்சம் ஈரமாக்கி, பொடியாக நறுக்கிய கீரையையோ துருவிய கேரட்டையோ அதன்மேல் ஒட்டும்படி பிசறி, காலையில் பசி அதிகமாக இருக்கும்போது வையுங்கள். பெல்லட்டாக இருந்தால் நுணுக்கித் தூவலாம். இரண்டு மணி நேரத்தில் அதை எடுத்துவிட்டு வழக்கமான தினையை வைத்துவிட வேண்டும். மூன்றாம் வாரத்திலிருந்து தினையைக் கால் ஸ்பூன் கால் ஸ்பூனாகக் குறைக்கலாம். இந்தக் கட்டத்தில் எடையைத் தினமும் பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பழையபடி தினைக்குத் திரும்பி, அடுத்த வாரம் மறுபடி. ஒரு மாதத்தில் மாறிய பறவையும் உண்டு, ஆறு மாதம் இழுத்ததும் உண்டு. உடம்பு சரியில்லாத பறவையிடம் இந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது.

விஷம் எங்கே இருக்கிறது

அவகாடோதான் முதல் எதிரி. பட்டர் ஃப்ரூட் என்ற பெயரில் இப்போது நம் ஊர் ஜூஸ் கடைகளிலும் வந்துவிட்டது. நமக்கு நல்லது, கிளிக்கு விஷம். அதிலுள்ள பெர்சின் என்ற பொருள் இதயத்தைத் தாக்கும். சாக்லேட்டும் அப்படியே. வெங்காயம், பூண்டு வேண்டாம். உப்பும் எண்ணெயும் உள்ள மிக்சர், முறுக்கு வேண்டாம்.

காபியும் கூடாது. கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கஷ்டம்தான். எங்கள் அப்பாயி டம்ளரில் பிஸ்கட்டை நனைத்துக் கூண்டுப் பக்கம் நீட்டும். "ஒரு வாய் குடுத்தா என்னடா ஆவும், பாவம்" என்று கேட்கும். கஃபீன் அந்தக் குட்டி இதயத்தைத் தாறுமாறாக அடிக்க வைக்கும் என்றேன், கேட்கவில்லை. கடைசியில் அப்பாயிக்கென்று ஒரு சின்ன டப்பாவில் பொரித்த தினையும் கொய்யாத் துண்டும் போட்டுக் கையில் கொடுத்துவிட்டேன். அன்பைத் தடுக்க முடியாது, பண்டத்தை மாற்றலாம். வாயில் வைத்து ஊட்டுவதை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். நம் எச்சிலில் இருக்கும் கிருமிகள் பறவைக்கு ஆகாது.

அடுத்தது வயல் மருந்து. நெற்கதிரைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுவது அழகு, கிளிக்கும் கொண்டாட்டம். ஆனால் கதிர் எந்த வயலிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் நாவாய்ப்பூச்சிக்கு மருந்து அடிப்பது வழக்கம். மருந்தில்லாமல் பாரம்பரிய ரகம் போடுகிறவர்கள் இப்போது திருத்துறைப்பூண்டிப் பக்கமெல்லாம் இருக்கிறார்கள், அவர்களிடம் ஒரு பிடிக் கதிர் கேட்டு வாங்குங்கள். இதைவிட மோசமானது விதைக்கென்று வைத்த நெல், கம்பு, சோளம். விதைநேர்த்திக்குப் பூஞ்சாண மருந்து கலந்திருப்பார்கள். மிச்சம் இருக்கிறதே என்று அதில் ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டுவிடாதீர்கள். வண்டு வராமல் இருக்க போரிக் பவுடர் போட்டு வைத்த தானியமும் வேண்டாம்.

உட்காரும் குச்சியையும் கொறிக்கும் என்பதால் அதுவும் சாப்பாட்டுக் கணக்கில்தான். வேம்பு, கொய்யாக் கிளை நல்லது. வாசலில் நிற்கும் அரளியை ஒடித்து மாட்டியவர்கள் இருக்கிறார்கள். அது கடும் விஷம். சாப்பாடு இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் காயவிட்டு மறந்தால் வரும் புகை, அடுத்த அறையில் இருக்கும் கிளியைக்கூடச் சில நிமிடத்தில் கொல்லும். கூண்டு சமையலறையில் வேண்டாம். சாம்பிராணி, கொசுவர்த்தியும் தள்ளியே இருக்கட்டும்.

வெயிலும் ஐப்பசி மழையும்

சித்திரை வெயிலில் நறுக்கிய பழம், ஈரத் தீனி, முளைப் பயறு எதுவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் இருக்கக் கூடாது. தண்ணீரைக் காலை, மாலை இரு வேளையும் மாற்றி, கிண்ணத்தை விரலால் தேய்த்துக் கழுவுங்கள். வழுவழுப்பு போக வேண்டும். எறும்புக்குச் சாக்பீஸ் மருந்து வேண்டாம், ஸ்டாண்டு கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் வேறு பிரச்சினை. அடைமழையில் தானியம் நமுத்துப் பூஞ்சை பிடிக்கும். வேர்க்கடலை, மக்காச்சோளம் இரண்டிலும் பூஞ்சையால் வரும் அஃப்லாடாக்சின் ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. அதனால் கடலையை நான் கொடுப்பதே இல்லை. மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். கையில் அள்ளி முகர்ந்து பாருங்கள், மக்கு வாடை அடித்தால் வெயிலில் காயவைத்துச் சமாளிக்கலாம் என்ற ஆசை வேண்டாம், கொட்டிவிடுங்கள். நல்ல தானியத்தை எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி வையுங்கள்.

எச்சத்தைப் படிப்பது

கூண்டின் தட்டில் வெள்ளைத் தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். ஆரோக்கியமான எச்சத்தில் பச்சையோ பழுப்போ ஆன கெட்டிச் சுருள், அதன்மேல் வெள்ளை, சுற்றிலும் கொஞ்சம் தெளிந்த நீர் இருக்கும். கீரை, பழம் தின்ற அன்று நீர் கூடும், அது சரி. வெள்ளையாக இருக்க வேண்டியது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், தானியம் செரிக்காமல் முழுதாக வந்தால், எண்ணிக்கையே குறைந்துவிட்டால், பறவை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பறவை நோயை மறைக்கும். நமக்குத் தெரியும்போது பாதி நேரம் போயிருக்கும்.

எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் கிளி பார்த்துப் பழகியவர் இருக்க மாட்டார். எங்கே போவது என்பதை நோய் வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தவர்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது பறவையைக் காற்றுத் துளையிட்ட சின்ன அட்டைப் பெட்டியில், துணி விரித்து, இருட்டாக வைத்து எடுத்துப் போங்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாம். எடை எழுதிய நோட்டு, தின்ற தீவனத்தில் ஒரு பிடி, அன்றைய எச்சத்தோடு மடித்த தாள், மூன்றையும் கையோடு கொண்டுபோய்விடுங்கள். டாக்டர் பறவையைத் தொடுவதற்கு முன்னால் அதையெல்லாம்தான் கேட்பார்.